புக்கா தாலி

ஒரு மொழி அறவே தெரியாதவருக்கு அந்த மொழியால் பெரிய தீங்கு எதுவும் நேர்வதில்லை. அவர் கையைக் காட்டுவார், தலையை ஆட்டுவார், எப்படியோ காரியத்தை முடித்துக்கொண்டு வீடு வந்து சேர்வார். இருபது சொற்கள் தெரிந்தவருக்குத்தான் ஆபத்து. மற்றவர் பேசுவது தமக்குப் புரிகிறது என்று அவர் நம்பிவிடுகிறார். எனக்கு அப்போது இருபதுக்குச் சற்று மேலேயே தெரியும்.

கோலா சிலாங்கூர்ப் படகுத் துறையில் எனக்கு நேர்ந்ததைப் பற்றி எங்கள் உறவு வட்டத்தில் இன்று பலவிதக் கதைகள் உலவுகின்றன. நான் கடலில் குதித்தேன் என்பது ஒன்று. என் தாலியைக் கருடன் தூக்கிச் சென்றது என்பது இன்னொன்று. படகோட்டியின் கையை நான் கடித்துவிட்டதாகச் சபாக்கில் இருக்கும் என் நாத்தனார் மகன் சொல்லித் திரிவதாகவும் கேள்வி. எல்லாம் பிழை. அது கடலன்று, ஆறு. கருடன் எடுத்துச் சென்றது வேறு பொருள். நான் யாரையும் கடித்ததில்லை. (கடிக்கும் நிலையில் நான் இல்லை, வாயில் சேறு இருந்தது.) ஒழுங்கான பதிவு ஒன்று இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவள் நான். என் தகுதியை நானே சொல்லிக்கொள்வது என் வழக்கமன்று. ஆயினும் நான் பாடம் நடத்தினால் அடுத்த வகுப்பிலும் அமைதி நிலவும் என்று சக ஆசிரியர்கள் சொன்னதுண்டு. என் கணவர் வட சிலாங்கூரில் ஒரு தோட்டத்துக் கிராணியின் மகன். அதாவது தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதியவரின் பிள்ளை. படிக்கத் திருச்சி வந்தார், என்னைக் கண்டார், தங்கிவிட்டார். அங்கே அவர் நடத்திய அச்சகம் நாளடைவில் மூழ்கிற்று. பிறந்த மண்ணுக்கே திரும்பலாம் என்றார். மகளைத் திருச்சியிலேயே கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு, கோலா சிலாங்கூரில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவரும் குடியேறினோம். நான் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

மலாய் மொழியைக் கற்கும்படி எல்லாரும் சொன்னார்கள். கற்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கடையை ‘கெடாய்’ என்கிறார்கள். கப்பல் ‘கப்பால்’. பெட்டி ‘பெத்தி’. கட்டிலும் கழுதையும்கூட நம்மிடமிருந்து கப்பலேறிப் போனவைதாம். ஆகவே மலாய் என்பது பாதி தமிழ். மீதியைச் சூழ்நிலை விளக்கிவிடும். இந்தக் கொள்கையை நான் என் கணவரிடம் விரிவாக எடுத்துரைத்தபோது அவர், “அப்ப நாசி லெமாக்குக்கு தமிழ்ல என்னா வாசுகி?” என்று தட்டிலிருந்த தேங்காய்ப்பால் சோற்றைக் காட்டிக் கேட்டார். ஆய்வு மனப்பான்மை இல்லாதவர்களிடம் நான் வாதிடுவதில்லை.

புஞ்சாக் ஆலாமில் ஒரு சரக்குக் கிடங்கில் அவருக்கு வேலை கிடைத்தது. சில மாதங்கள் கழித்து, மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கால் எலும்பு முறிந்தது. வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது அந்தக் கிடங்கின் விதி. என் வளையல்கள் முதலில் அடகுக்குப் போயின. பிறகு காதணிகள், அதன் பின் மகளுக்கென்று வைத்திருந்த சங்கிலி. என் தாலிக்கொடி ஒன்றே மிஞ்சியது. ஒரு நாள் காலை, கட்டுப்போட்ட காலை நாற்காலியின் மேல் நீட்டிக்கொண்டு அவர் மெல்லத் தொடங்கினார்.

“வாசுகி, கழுத்துல இருக்கறத கொஞ்ச நாளைக்கு பாஜாக் கடையில அடகு வச்சிட்டு, மஞ்சக் கயித்துல மாட்டிக்கோயேன். ஊர்ல எவ்வளோ பேரு செய்யறாங்க.”

“என் மாணவிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?”

“ஒன் மாணவிங்க திருச்சியில இருக்காங்க. பாஜாக் கட இங்க இருக்கு.”

நான் எழுந்து நின்றேன். மாத முடிவுக்குள் நானே ஒரு வேலை தேடிக்கொள்கிறேன், வேலை கிடைக்காவிட்டால் வாடகைக்காக இதை என் கையாலேயே கழற்றித் தருகிறேன் என்று அறிவித்தேன். பட்டமளிப்பு விழாவில் பேசுவது போல் பேசிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகுதான் யோசித்தேன். மனைவி என்ற முறையில் இங்கே தங்கவும் வேலை செய்யவும் எனக்கு அனுமதி முத்திரை இருந்தது. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல மொழிதான் இல்லை.

மறுநாளிலிருந்து கடைத்தெருவில் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போனேன். உள்ளே இருப்பவர் என்னை நோக்கி ஒரு கேள்வியை வீசினால் எங்கே போவது? ஆனால் இந்த ஊர்க்காரர்கள் பண்பானவர்கள் என்பதை விரைவிலேயே கண்டுகொண்டேன். பல கடைகளின் கண்ணாடிக் கதவில் ‘கெர்ஜா கோசோங்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கெர்ஜா என்றால் வேலை. அது எனக்குத் தெரியும். கோசோங் என்றால் சுழியம். தொலைபேசி எண் சொல்லும்போது அப்படித்தான் சொல்கிறார்கள். ஆக, வேலை சுழியம். உள்ளே வந்து கேட்டு அவமானப்பட வேண்டாம் என்று வாசலிலேயே தெரிவித்துவிடுகிறார்கள்! அந்தக் கடைகளை மனத்துக்குள் வாழ்த்திவிட்டு, தாள் ஒட்டாத கடைகளாகப் பார்த்துப் பார்த்து நுழைந்தேன். எல்லாவற்றிலும் தலையை ஆட்டி அனுப்பினார்கள். இரண்டு வாரங்கள் போயின.

என் ஓரகத்தி விமலா, அதாவது கணவரின் தம்பி மனைவி, அடுத்த தெருவில் இருந்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வாய் ஓயாதவள், நல்லவள். ஒரு மாலை தேநீர் குடித்துக்கொண்டே நான் அந்தக் கடைக்காரர்களின் பண்பைப் புகழ்ந்தபோது அவள் குவளையைக் கீழே வைத்தாள்.

“என்னாக்கா சொல்றீங்க? கெர்ஜா கோசோங்னா வேல காலி இருக்குன்னு அர்த்தம்லா! ஆளு வேணும், வாங்க வாங்கன்னு கூப்புடறான். நீங்க கூப்புட்ட கடையெல்லாம் வுட்டுட்டு, கூப்புடாத கடையா பாத்துப் பாத்து போயிருக்கீங்களே!”

(நம் ஊரிலும் ‘வேலை காலி இல்லை’ என்றுதான் பலகை வைப்பார்கள். அந்தக் ‘காலி’யைப் பற்றி நான் ஒரு முழு வகுப்பே நடத்தியிருக்கிறேன்.)

மறுநாள் ஓடிப் போய்ப் பார்த்தேன். பாதிக் கடைகளில் தாளைக் கிழித்துவிட்டிருந்தார்கள். மீதிக் கடைகளில் நான் ஆங்கிலத்தில் பேசினேன், அவர்கள் மலாயில் பேசினார்கள், இருவரும் புன்னகைத்துப் பிரிந்தோம். மாதம் முடியச் சில நாள்களே இருந்தன. இரவில் புரண்டு படுக்கும்போது தாலிக்கொடி கழுத்தில் உராயும். அது வழக்கத்தைவிடக் கனமாக இருப்பதாகத் தோன்றும்.

அப்போதுதான் விமலா படகுத் துறைச் செய்தியைக் கொண்டுவந்தாள். ஆற்றில் படகில் ஏற்றிக் கழுகுகளுக்கு இரை போடக் கூட்டிச் செல்கிறார்கள். சுற்றுலாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் ஆங்கிலம் பேச டிக்கெட் கவுண்டரில் ஆள் இல்லை. துறையை நடத்துபவர் புவான் ரொஹானி என்ற மலாய்ப் பெண்மணி. ஆங்கிலம் அவருக்குத் தெரியாது.

“மலாயில் ஏதாவது கேட்டால் என்ன செய்வது?” என்றேன்.

“எது கேட்டாலும் ‘போலே’ன்னு சொல்லுங்கக்கா. முடியும்னு அர்த்தம். ஒன்னே ஒன்னு. போலே. சொல்லுங்க பாப்போம்?”

“போலே.”

“இன்னும் கொஞ்சம் சிரிச்சிக்கிட்டு.”

“போலே.”

“ஐயோ, பிரின்சிபால் மாதிரி சொல்லாதீங்கக்கா, பயந்துருவாங்க!”

கஞ்சி போட்ட பருத்திப் புடவை உடுத்தி, பட்டச் சான்றிதழ்களை ஓர் உறையில் இட்டு, காலைப் பேருந்தில் போய் இறங்கினேன். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கலங்கிய அகன்ற ஆறு. அக்கரையில் கண்டல் மரங்கள் சேற்றில் வேர்களை ஊன்றி நின்றன. மரப்பாலத்தின் பலகை இடுக்குகளின் வழியே கீழே தண்ணீர் ஓடுவது தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. கால் வைத்த இடத்திலேயே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். திரும்பினால் நேரே பாஜாக் கடைக்குத்தான் போக வேண்டும்.

புவான் ரொஹானி பருத்த உடலும் மலர்ந்த முகமும் கொண்டவர். என் சான்றிதழ் உறையை மகிழ்ச்சியோடு வாங்கி, காற்றில் பறந்துகொண்டிருந்த டிக்கெட் தாள்களின் மேல் பாரமாக வைத்தார். பிறகு பேசத் தொடங்கினார். வாழ்நாளில் அவ்வளவு வேகமாகப் பேசும் ஒருவரை நான் கண்டதில்லை. வாக்கியத்தின் முடிவில் குரல் உயர்ந்தால் அது கேள்வி என்று கணித்துக்கொண்டேன்.

குரல் உயர்ந்தது. “போலே” என்றேன்.

அவர் புருவத்தை உயர்த்தி இன்னொன்று கேட்டார். “போலே.”

மூன்றாவது கேள்வியின்போது அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அந்தப் பார்வையில் வியப்பு இருந்தது. அதை மதிப்பு என்று எடுத்துக்கொண்டு, விமலா சொன்னபடி சிரித்துக்கொண்டே “போலே!” என்றேன்.

(நீந்தத் தெரியுமா, படகில் உடன் போவீர்களா, கோழி வெட்டுவீர்களா என்பவை அந்த மூன்று கேள்விகள் என்று பின்னர் அறிந்தேன். நான் பிறந்தது முதல் சைவம்.)

அவர் என் தோளைத் தட்டிப் பின்புறம் அழைத்துச் சென்றார். அங்கே பாக் சமாட் என்ற முதிய படகோட்டி ஒரு நீண்ட கத்தியால் கோழித் தோலையும் குடலையும் துண்டு துண்டாக வெட்டி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். கழுகுகளுக்கான இரை. அவர் கத்தியை உயர்த்திக் காட்டி, “போத்தோங்,” என்றார். ஓங்கி ஒரு வெட்டு. “போத்தோங்.” மறுபடியும் ஒரு வெட்டு. எனக்குக் கற்பிக்கிறார் என்று புரிந்தது. போத்தோங் என்றால் வெட்டு. ஆசிரியரின் முகம் கோணக் கூடாது என்பதற்காக நானும் ஒரு முறை “போத்தோங்” என்றேன். அவர் மிகவும் மகிழ்ந்தார்.

நான் வெட்ட வேண்டிய முறை வருவதற்குள் பயணிகள் வந்துவிட்டார்கள். என் தெய்வங்கள் அனைத்துக்கும் நன்றி சொன்னேன். அந்த நன்றி அவசரத்தில் சொன்னது. புவான் ரொஹானி புடவைக்கு மேல் ஓர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டி, அதன் வார்களை இறுக்கிக் கட்டி, கையில் இரை வாளியைக் கொடுத்து, படகைச் சுட்டிக் காட்டினார். ஒரு முறை போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் போலும்.

படகில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றும், ஒரு தமிழ்க் குடும்பமும் அமர்ந்திருந்தார்கள். தமிழ்க் குடும்பத்தைக் கண்டதும் என் அச்சம் இரட்டிப்பாயிற்று. கோழிக் குடல் வாளியோடு ஒரு கல்லூரிப் பேராசிரியை நிற்பதைத் தமிழர் காண்பதா? அவர்களுக்குத் திருச்சியில் உறவினர் இருந்தால்? குடும்பத் தலைவர் என் பொட்டையும் புடவையையும் பார்த்து, “தமிழாம்மா நீங்க?” என்று அன்போடு கேட்டார்.

“ஐ ஆம் ஃப்ரம் த ஆபீஸ்,” என்றேன்.

அவர் மனைவி அவர் தொடையைக் கிள்ளினார். நான் படகின் முன்முனையில் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். படகைத் துறைத் தூணோடு பிணைத்திருந்த கயிறு சரியாக என் மார்புக்கு நேரே இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. படகின் ஆட்டத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

நீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். படகு தாழத் தாழக் கயிறு இறுகிற்று. பின்முனையில் இயந்திரத்தின் அருகே நின்ற பாக் சமாட் என்னை நோக்கிக் கையை நீட்டிக் குரல் கொடுத்தார்.

“காக், புக்கா தாலி!”

காக் என்றால் அக்கா. திரும்பிப் பார்த்து, பழக்கத்தால் “போலே” என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் என் மூளையை எட்டியது.

தாலி எனக்குத் தெரியும். புக்காவும் தெரியும். இங்கே கோயில், மருந்தகம், வீடு எல்லா வாசலிலும் ‘புக்கா காசூட்’ என்று எழுதியிருக்கிறது. காலணியைக் கழற்று என்று பொருள். புக்கா என்றால் கழற்று. புக்கா தாலி என்றால்…

இல்லை, அப்படி இருக்காது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் விரல் நேராக என் மார்பைச் சுட்டியது. “தாலி, காக்! புக்கா! செப்பாட்!” செப்பாட் என்றால் சீக்கிரம். புவான் ரொஹானியும் துறையின் மேலிருந்து அதையே சொன்னார். சிரித்துக்கொண்டே, கழுத்துக்கு நேரே இரு கைகளாலும் முடிச்சை அவிழ்ப்பது போல் காட்டினார். வேலைக்கு வருபவரிடம் சில இடங்களில் பிணையாக எதையாவது வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று விமலா ஒரு முறை சொல்லியிருந்தாள். இங்கே பிணை எது என்பது எனக்கு விளங்கிவிட்டது. நானோ போலே என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்! என் இரு கைகளும் மிதவைச் சட்டைக்குள் புகுந்து கொடியைப் பற்றிக்கொண்டன.

“நோ!” என்றேன். பிறகு, “முடியாது!” என்றேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பாக் சமாட் பொறுமையிழந்து, கோழி வெட்டிய அதே கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

“தா போலே புக்கா, போத்தோங் சாஜா!”

கழற்ற முடியாவிட்டால் வெட்டிவிடலாம். அன்று காலை நான் கற்ற ஒரே புதுச் சொல் அது. அதை நான் கற்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

அடுத்து நடந்தது குதிப்பு அன்று. துறைப் பலகையில் ஏற முயன்றேன், படகு விலகிற்று, நான் இடையில் இருந்தேன். கஞ்சி போட்ட புடவை ஒரு கணம் குடையாக விரிந்தது. பிறகு இடுப்பளவு சேற்றில் நின்றேன். வாளி என் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்துத் தன்னிடம் இருந்த அனைத்தையும் என் மேல் கொட்டிற்று.

வானத்தில் அந்தக் கழுகுகள், அதாவது நம் கருடன்கள், வட்டமிட்டுக்கொண்டிருந்தன. திருச்சியில் ஒரு கருடன் தெரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். இங்கே அவை என் தோள் வரை இறங்கி வந்தன. ஒன்று என் கொண்டைக்கு மேலிருந்து எதையோ எடுத்துச் சென்றது. நான் கண்களை மூடிக்கொண்டு கழுத்தைத் தொட்டேன்.

கொடி இல்லை.

இதுவரை நான் பட்டவை அனைத்தும் அச்சமே அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. அடகு வைக்க மாட்டேன் என்று மார்தட்டிய பொருள் சேற்றுக்குள் போய்விட்டது. அடகு வைத்திருந்தால் வாடகையாவது மிஞ்சியிருக்கும். நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பவரிடம் என்ன சொல்வேன்? என் கௌரவம், தமிழ், கல்லூரி எல்லாம் மறந்துபோயின.

“தாலி!” என்று அலறினேன். “என் தாலி!”

“தாலி? ஓக்கே, ஓக்கே!” என்று பாக் சமாட் ஒரு கயிற்றை வீசினார். அது என் தோளில் விழுந்தது. நான் அதை உதறிவிட்டுச் சேற்றைத் துழாவினேன்.

“தாலி! தாலி!”

புவான் ரொஹானி பதறிப்போய் ஆணையிட்டார். இன்னும் தடித்த ஒரு கயிறு வந்து விழுந்தது. அதையும் தள்ளிவிட்டு, “ஐயோ, தாலி!” என்று கதறினேன். இவ்வளவு கேட்கிறாளே என்று அடுத்த துறை மீனவர்களும் தங்கள் கயிறுகளை அவிழ்த்து எறிந்தார்கள். கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தன. ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்னை நோக்கித் தாலியை நீட்டியதில்லை. நான் ஒருவரை மட்டும் மணந்தவள்.

படகில் அந்தத் தமிழர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். “ஏங்க, சிரிக்காதீங்கங்க, அந்தம்மா பாவம்!” என்று அவர் மனைவி அவரை முதுகில் அடித்தார். அவர் ஒருவாறு நிமிர்ந்து குரல் கொடுத்தார்.

“யம்மா! கயித்தப் புடிங்கம்மா! மலாய்ல தாலின்னா கயிறு! படகு கயித்த அவுத்து வுடத்தான் சொன்னாரு அவரு!”

நான் சேற்றில் நின்றபடி அவரைப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி மூன்று கயிறுகள் கிடந்தன.

“என் தாலியைக் காணவில்லை!” என்றேன்.

“எது, மலாய்த் தாலியா, தமிழ்த் தாலியா?”

“தமிழ்த் தாலி!”

(இரு மொழிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை இவ்வளவு உணர்ச்சியோடு நான் வகுப்பில் விளக்கியதில்லை.)

அவர் சிரிப்பு அடங்கிற்று. திரும்பிப் பாக் சமாட்டிடம் மலாயில் ஏதோ சொன்னார்; தம் மனைவியின் கழுத்தைக் காட்டினார். பாக் சமாட்டின் முகம் மாறியது. கத்தியைக் கீழே போட்டார். வேட்டி போல் கட்டியிருந்த சாரோங்கை மடித்துக்கொண்டு, தாமும் சேற்றில் இறங்கி, இரு கைகளாலும் என்னைச் சுற்றித் துழாவத் தொடங்கினார். கயிறு எறிந்த மீனவர்களில் இருவரும் இறங்கினார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன் என்று எழுத இங்கே எனக்குக் கூச்சமில்லை. சேற்றுக்கும் கண்ணீருக்கும் வேறுபாடு யாருக்கும் தெரிந்திருக்காது.

என்னைக் கயிற்றால் மேலே இழுத்துப் போட்டார்கள். புவான் ரொஹானி நீர்க்குழாயை என் மேல் பீய்ச்சிச் சேற்றைக் கழுவினார். அதற்குள் வெள்ளைக்காரத் தம்பதி மிரண்டு எழுந்து நின்று, பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கத் தொடங்கினார்கள். வேறு யாருக்கும் அது புரியவில்லை. நீர் சொட்டச் சொட்ட, தலையில் கோழித் தோலோடு நான் அவர்களை நோக்கித் திரும்பினேன். நேர்ந்தது ஒரு சொல்லின் பொருள் குறித்த சிறு குழப்பம், படகு மிகவும் பாதுகாப்பானது, கழுகுகள் எவ்வளவு அருகில் வரும் என்பதைத் தாங்களே கண்டீர்கள், தயவுசெய்து அமருங்கள் என்றேன். அந்த நிலையில் நான் பேசிய ஆங்கிலமே என் வாழ்நாளில் நான் பேசியவற்றுள் சிறந்தது என்று இன்றும் கருதுகிறேன். அவர்கள் அமர்ந்தார்கள். புவான் ரொஹானி குழாயைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் என் மிதவைச் சட்டையின் வார்களை அவிழ்த்தார். சேற்றில் ஊறி இறுகியிருந்த கடைசி வாரை அவர் இழுத்தபோது, அதில் சிக்கிச் சுருண்டிருந்த ஏதோ ஒன்று பலகையின் மேல் விழுந்து மின்னிற்று. நான் இறுகப் பற்றிய வேகத்தில் கொக்கி விட்டு, கொடி சட்டைக்குள்ளேயே நழுவியிருக்கிறது.

அவர் குனிந்து அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இதுதான் உங்கள் தாலியா என்று அவர் கேட்டது எனக்கு மொழி தெரியாமலே புரிந்தது. நான் தலையசைத்தேன். அதை என் கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். கீழே சேற்றில் இன்னும் துழாவிக்கொண்டிருந்த பாக் சமாட்டைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இரு கைகளையும் வானத்தை நோக்கி ஏந்தினார்.

“நாளைக்கு காலையில வரச் சொல்றாங்கம்மா,” என்று உலு யாமிலிருந்து வந்திருந்த அந்தத் தமிழர் மொழிபெயர்த்தார். “கவுண்டர் மட்டும்தானாம். படகுல ஏற வேணாமாம். கோழியும் வேணாமாம்.” சற்றுத் தயங்கி, “ஆபீஸ்ல இருந்து வந்தேன்னீங்க, இப்ப நெஜமாவே ஆபீஸ் ஆயிருச்சி,” என்றார். அவர் மனைவி மறுபடியும் கிள்ளினார்.

பேருந்தில் என் அருகே யாரும் உட்காரவில்லை. வீட்டில் என் கணவர் என் கோலத்தைப் பார்த்தார், கதையைக் கேட்டார், சிரித்த வேகத்தில் கட்டுப்போட்ட கால் நாற்காலியிலிருந்து கீழே விழுந்து வலியில் கத்தினார், கத்திக்கொண்டே சிரித்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“அறுந்துருச்சா?”

“கொக்கி விட்டுவிட்டது. வேலை கிடைத்துவிட்டது.”

அவர் குறடு கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். சன்னலோரம் கொடியைத் தூக்கிப் பிடித்துக் கொக்கியை நெரித்துச் சரிசெய்தார். வெகுநேரம் ஆயிற்று. “இந்தா” என்று கொடுத்தவர், பாஜாக் கடையைப் பற்றி அந்த மாதம் வாயெடுக்கவில்லை. (பின்னாளில் மகளின் படிப்புக்காக அது இரண்டு முறை அங்கே போய் வந்தது. அவை நகைச்சுவைக் கட்டுரைக்கு உரியவை அல்ல.)

ஓய்வு பெறும் வரை அந்தக் கவுண்டரில் இருந்தேன். மலாயை முறையாகக் கற்றேன். படகோட்டிகளோ என் மேல் இரக்கம் கொண்டு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். நான் அருகே இருந்தால் யாரும் தாலி என்று சொல்ல மாட்டார்கள். உலு யாம்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட தமிழ்ச் சொல்லைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: “புக்கா காயிர்.” வேலைக்குப் புதிதாக வந்த மலாய் இளைஞன் ஒருவன் அது ஏதோ படகுத் துறைக் கலைச்சொல் என்று நினைத்து அப்படியே கற்றுக்கொண்டான்.

சென்ற ஆண்டு எங்கள் மகளின் திருமணம் இங்கேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. புவான் ரொஹானியும் பாக் சமாட்டும் பட்டுத் துணியிலும் பூவேலைப் பாத்திக் சட்டையிலும் வந்து இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கெட்டி மேளம் முழங்கிற்று. என் மகளின் கழுத்துக்குப் பின்னால் அவர் விரல்கள் முடிச்சோடு தடுமாறிக்கொண்டிருந்தன. அந்த முடிச்சைப் பார்த்து ஆயுள் முழுவதும் படகு கட்டிய மனிதரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை போலும். மேளத்தையும் மீறி பாக் சமாட்டின் குரல் எழுந்தது.

“ஈக்காட் குவாட்-குவாட்!”

“நல்லா இறுக்கிக் கட்டச் சொல்றாருலா!” என்று விமலா சம்பந்தி வீட்டாருக்கு உரக்க மொழிபெயர்த்தாள். நம் உறவினர் இருந்த வரிசைகள் முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தன. நாகசுரக்காரர் வாத்தியத்திலிருந்து வாயை எடுத்துவிட்டார். மணப்பெண்ணே குலுங்கிக்கொண்டிருந்தாள், அதனால் மூன்றாவது முடிச்சு விழ மேலும் தாமதமாயிற்று.

நான் சிரிக்கவில்லை. பெண்ணின் தாய் என்ற பொறுப்பு இருந்தது. ஆனால் என் கை என்னை அறியாமல் கழுத்துக்குப் போயிற்று. பக்கத்தில் நின்ற என் கணவர் அதைக் கவனித்துவிட்டார். தலையைச் சாய்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“இருக்கா?”

“இருக்கிறது,” என்றேன்.